தறியில் கிடந்த அம்பு

என்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்க லென்டுப்புக்கு ஒரு சோள அறுவடைக் காலம் போதுமானதாக இருந்தது. புது வருஷ வில் போட்டிக்கு இரண்டு அம்பைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு முழுக் குளிர்காலமும் போதவில்லை.

இலையுதிர் காலம் முடிந்து, மூங்கிலில் நீரோட்டம் இறங்கியதும் காட்டுக்குப் போவான். தேய்பிறையில் வெட்டினால்தான் பூச்சி அரிக்காது என்று நாள் பார்த்து, சுண்டுவிரல் பருமனில் குச்சிகளை வெட்டிக் கட்டாகக் கொண்டு வருவான். அது எங்கள் அடுப்புக்கு மேலே, மிளகாய்ச் சரத்துக்குப் பக்கத்தில், புகை குடித்துக்கொண்டு தொங்கும். புது வருஷம் நெருங்கும்போது கட்டைப் பிரித்து வீடு முழுக்கப் பரப்பிவிடுவான். அதன் பிறகு அந்த வீட்டில் நடக்க வேண்டுமென்றால் கொக்கு மாதிரிதான் நடக்க வேண்டும். வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆனாலும் அந்த நாட்களில் நான் விருந்தாளி.

ஒவ்வொரு குச்சியையும் எடுத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பான். வளைந்திருந்தால் தணலில் காட்டி நிமிர்த்துவான். முனையைத் தூணில் ஊன்றி அழுத்தி, எப்படித் துள்ளுகிறது என்று பார்ப்பான். அதிகம் விறைத்தால் இடப்பக்கம் ஓடுமாம், அதிகம் துவண்டால் வாலை ஆட்டுமாம், வில்லுக்கும் அம்புக்கும் மனப்பொருத்தம் வேண்டுமாம். கடைசியில் அதைக் கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்தி, மறு கையால் சுழற்றிவிடுவான். தலை ஆடாமல் சுற்றினால் பிழைத்தது. ஆடினால் மூலைக்குப் போகும். சில குச்சிகள் எல்லாத் தேர்விலும் தேறிய பிறகும், "பார்வையே சரியில்ல" என்று மூலைக்குப் போகும்.

யோசனை சொல்ல ஆட்களும் வருவார்கள். பக்கத்து வீட்டு ரின்சின் கனமான அம்புதான் நல்லது என்பான், அவன் முப்பாட்டன் அப்படி ஒன்றால் காட்டுப்பன்றியை ஒரே அடியில் சாய்த்தானாம். பன்றிக்குக் கனம் வேண்டும், போட்டியில் குறிவைக்கும் பலகைக்குத் தூரம் வேண்டும், பலகை என்ன கொம்பை ஆட்டிக்கொண்டா வருகிறது என்று லென்டுப் எகிறுவான். பன்றியை அடிப்பது பாவம் என்று நாங்கள் விட்டு வெகுகாலம் ஆகிறது. அது பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டதால் எங்கள் சோளத்தை உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

இவ்வளவு செய்தும் மூன்று வருஷமாக அவன் அம்பு ஒன்றுகூடப் பலகையில் படவில்லை. அதற்குக் காரணம் யார் தெரியுமா? நான்.

எங்கள் ஊரில் பெண்கள் வில்லையும் அம்பையும் தொடக்கூடாது, தாண்டக்கூடாது. தாண்டினால் கை ராசி போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன், போட்டிக்கு முதல் நாள், இவன் வில்லைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை மடிக்க உட்கார்ந்தான். வில் சரிந்து வாசற்படியில் விழுந்தது. நான் முதுகில் விறகோடு வந்தேன், கீழே என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை, தாண்டிவிட்டேன். மறுநாள் அவன் எய்தது அத்தனையும் வயலுக்குப் போயிற்று. எங்கள் லிங்பூ ஊர் அணித் தலைவர் கெம்போ காரணம் கேட்டார். லென்டுப் காதைச் சொறிந்துகொண்டு, வீட்டில் ஒருத்தி வில்லைத் தாண்டினாள் என்று முனகினான். அத்தோடு என் கதை முடிந்தது.

அதுவரை எங்கள் ஊர்ப் பெண்களின் ஆட்ட வரிசையில் முதலில் நிற்பவள் நான். வரிசை என்றால் சும்மா ஆடுவது இல்லை. எதிரணிக்காரன் வில்லை இழுக்கும்போது அவன் கை நடுங்கும்படி கேலி பேச வேண்டும். அதில் எனக்கு நிகர், வருஷா வருஷம் எங்களோடு மோதும் கீழூரான சாம்தாங்கில் இருக்கிற என் நாத்தனார் யாங்சோம் ஒருத்திதான். என்னை எடுத்துவிட்டு கெம்போவின் மனைவியை முதலில் நிறுத்தினார்கள். அந்த அம்மாளுக்குத் தெரிந்த கேலி ஒன்றே ஒன்று: "உங்க அம்பு தப்பட்டும், தப்பட்டும்." அதைக் கேட்டால் எதிராளிக்குத் தூக்கம் வருமே தவிர கை நடுங்காது. நான் ஓரத்தில் நின்று, வாய் நிறையக் கேலியை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல்.

இந்த வருஷம் கெம்போ வீடு தேடி வந்தே சொல்லிவிட்டார். ஒரு அம்பாவது படவில்லை என்றால் லென்டுப்புக்கு அணியில் இனி இடமில்லை. அவன் வெளியேறினால் எனக்கும் வழி அடைந்துவிடும். நான் கிழவியாகிச் சாகும்வரை வில்லைத் தாண்டினவள்தான்.

இதற்கு நடுவில் என் தறியில் ஒரு சங்கடம் வந்தது. குளிர்காலத் தொடக்கத்தில், பாவு நூல்களைப் பிரித்து நிறுத்த நடுவே செருகும் குச்சி பிளந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்குகிற பொருளா அது? அடுப்புக்கு மேலே பார்த்தேன். கட்டுக் கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவினேன்.

உருவும்போது கொஞ்சம் கை கூசியது உண்மை. அப்புறம், இது இன்னும் அம்பு ஆகவில்லை, வெறும் மூங்கில்தானே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க அது என் பாவுக்குள் கிடந்தது. இடுப்பில் வாரைக் கட்டி நான் இழுக்க இழுக்க, அரக்குச் சாயம் தோய்த்த சிவப்பு நூல்கள் அதன் மேல் நெருக்கமாக உரசிக்கொண்டே இருந்தன. வெண்ணெய் பட்ட என் விரல்கள் அதைத் தள்ளின, இழுத்தன. துணியை அறுத்து எடுத்த அன்று குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு. மெருகேற்றுவதற்கு என்றே ஒருவன் உட்கார்ந்தாலும் அப்படி வராது. நடுவில் மட்டும் நூல் உரசிய மெல்லிய கோடுகள், மயிரிழைபோல, சிவப்பாக.

விளையாட்டுக்கு அதைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றினேன். தலை ஆடவே இல்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த பிசாசு எழுந்து உட்கார்ந்தது. லென்டுப் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். தரையில் பரப்பிக் கிடந்த குச்சிகளுக்கு நடுவே அதையும் வைத்துவிட்டு, மிளகாய்க் காம்பு கிள்ள உட்கார்ந்துகொண்டேன்.

அவன் வந்தான். எடுத்தான், பார்த்தான், எறிந்தான். என் குச்சி கைக்கு வந்தது. கண்ணை மூடிப் பார்த்தான். தூணில் ஊன்றினான். நகத்தில் சுழற்றினான். மறுபடி சுழற்றினான். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான், ரொம்ப நேரம் முகர்ந்தான். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மிளகாயையே திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"பெல்சோம், ஒண்ணு கிடைச்சிருச்சு" என்றான்.

"இருக்கிற காட்டையே வெட்டிட்டு வந்தா ஒண்ணாவது கிடைக்காமலா போகும்" என்றேன்.

அதற்கு இறகு கட்டினான், இரும்பு முனை செருகினான், தன் அடையாளமாக வாலில் நீல வளையம் வரைந்தான். துணைக்கு இன்னொன்றையும் எடுத்தான். அது அவன் ஏழெட்டு நாளாகத் தடவித் தடவிச் செய்த செல்லப் பிள்ளை. அதன் பக்கம் என் மூச்சுக்காற்றுகூடப் போகாமல் பூஜை அறையிலேயே வைத்துக்கொண்டான்.

போட்டிக்கு முன்தினம் சாயங்காலம் கெம்போவும் சோசியர் நவாங்கும் வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் அன்று மனைவிமாரை விட்டு மைதானத்துக் குடிசையில் போய்ப் படுப்பது வழக்கம். அதற்குமுன் சோசியர் வீடு வீடாக அம்புகளைப் பார்த்து மந்திரிப்பார். செல்லப் பிள்ளையைச் சும்மா ஒரு ஊது ஊதினார். என் குச்சியைக் கையில் வாங்கியதும் அவர் புருவம் ஏறியது. விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கோட்டை யாரு போட்டது?"

லென்டுப் கூரையைப் பார்த்தான். "யாரும் போடலைங்க ஐயா. தானா வந்துச்சு."

சோசியர் கண்ணை மூடிக்கொண்டார். "மனுஷக் கையால இவ்வளவு நெருக்கமா போட முடியாது. இது நம்ம மலைத் தெய்வம் போட்ட குறி. செவப்பு அவரு நிறம்ல?"

கெம்போ தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த அம்பை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். என் பாவுக் குச்சியை! சோசியர் வரிசையாகக் கட்டளை போட்டார். இதைப் பட்டுத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஆகக் கடைசி முறைக்குத்தான் எடுக்க வேண்டும். முக்கியமாக, ஒரு பெண்ணின் நிழல்கூட இதன் மேல் படக்கூடாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கூஜாவோடு உள்ளே ஓடி, தோளில் கிடந்த துணியை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் வேறு மாதிரி ஆகிவிட்டது. என் நிழல் பட்டால் தீட்டாம். என் கை பட்டதுதான் தெய்வமாம்.

மறுநாள் ஆற்றோர மைதானம் நிறைந்திருந்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனைப் பலகை கைக்குட்டை அளவுக்குத் தெரியும். எய்கிறவர்கள் ஒரு பக்கம் நிற்க, மற்றவர்கள் பலகையை ஒட்டியே நின்று கூச்சல் போடுவார்கள். அம்பு வந்தால் விலகிக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. நான் பலகை முனையில் தேநீர் அண்டாவோடு நின்றேன். யாங்சோம் காலையிலேயே தம்பியைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி அம்பு நம்ம மலைப்பாதையில வர்ற பஸ் மாதிரி. எப்ப வரும், எங்க நிக்கும்னு டிரைவருக்கே தெரியாது."

மைதானமே சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. சின்ன வயதில் அவன் தானாகச் சோறு எடுத்துத் தின்றால் அது மூக்கில்தான் போகும் என்றும், அவனை நம்பி லிங்பூக்காரர்கள் பலகை வைப்பதற்குப் பதில் மலையையே வைத்திருக்கலாம் என்றும் சொன்னாள். எங்கள் பக்கத்திலிருந்து கெம்போவின் மனைவி "தப்பட்டும், தப்பட்டும்" என்றார். எனக்கு நாக்கு அரித்தது. கரண்டியைக் கடித்துக்கொண்டேன்.

மத்தியானம் முழுக்க லென்டுப் போன வருஷத்து அம்புகளை எய்து தவறவிட்டுக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் அடித்த அடியில் இரண்டு ஊரும் சமமாக வந்து நின்றன. இன்னும் ஒரு அடி யாருக்கு விழுகிறதோ அவர்களுக்கு வெற்றி. சாம்தாங் ஆட்கள் எல்லாரும் தவறவிட்டார்கள். எங்கள் ஆட்களும் தவறவிட்டார்கள். கடைசியாக லென்டுப் மட்டும் மிச்சம், கையில் புது அம்பு இரண்டு.

முதலில் செல்லப் பிள்ளையை எடுத்தான். அது அழகாகக் கிளம்பி, அழகாக வளைந்து, பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோதுமை வயலுக்குள் போயிற்று. கெம்போ தலையில் கை வைத்தார். லென்டுப் பட்டுத்துணியைப் பிரித்தான். தூரத்தில் அவன் முகம் தெரியவில்லை. அவன் இழுத்தான், விட்டான். காற்றில் ஒரு சீறல் வந்தது. பிறகு பலகையில் 'டொக்' என்றது.

எங்கள் ஆண்கள் பலகையைச் சுற்றிக் கைகோத்து ஆட ஆரம்பித்தார்கள். கெம்போவின் கண்கள் கலங்கியிருந்தன. தெய்வத்தின் குறி, தெய்வத்தின் குறி என்று சொல்லிக்கொண்டே ஆடினார். யாங்சோம் ஆட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள், பட்ட அம்பைப் பார்த்துக் குறை சொல்ல எதிரணிப் பெண்ணுக்கு உரிமை உண்டு. குனிந்தாள். கோடுகளைப் பார்த்தாள். தொடாமலே விரலை அவற்றின் மேலாக ஓட்டினாள். அவளும் தறிக்காரி. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் அடி வீணாகும், பழி இரட்டிப்பாகும். ஆனால் யாங்சோமின் வாயில் வந்த கேலி திரும்பிப் போனதாகச் சரித்திரமே இல்லை.

"லிங்பூக்காரங்களே, உங்க மலைத் தெய்வம் எப்பயிருந்து துணி நெய்யுது?" என்றாள். "இது பாவுக்குள்ள கிடந்த குச்சி. இவ்வளவு நெருக்கமா நூல் ஓட்டுறவ இந்தப் பள்ளத்தாக்குலயே ஒருத்திதான். அதோ, டீ ஊத்திட்டு நிக்கிறா பாருங்க."

இரண்டு ஊர்ப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவுடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி சிரித்தாள், பிறகு அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆண்கள் மட்டும் கைகோத்தபடியே நின்றார்கள். கெம்போ சோசியரைப் பார்த்தார். சோசியர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தெய்வம் குறி போட்டுச்சுன்னுதான் சொன்னேன். யாரு கையால போட்டுச்சுன்னு நீங்க கேக்கலையே."

சாம்தாங் தலைவருக்குக் குஷி தாங்கவில்லை. பொம்பளை தொட்ட அம்பு, இந்த அடி செல்லாது என்றார். கெம்போ என்னைப் பார்த்து, தொட்டாயா என்று கேட்டார். குளிர்காலம் முழுக்கத் தொட்டேன் என்றேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

அதற்குள் லென்டுப் வில்லோடு வந்து சேர்ந்தான். அடித்தவனுக்கு இடுப்பில் கட்டுகிற வண்ணத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கெம்போ அவனிடம், "உனக்கு இது தெரியுமா?" என்றார்.

லென்டுப் காதைச் சொறிந்தான். மூன்று வருஷத்துக்கு முன் சொறிந்த அதே காது. போச்சு, மறுபடியும் முனகப் போகிறான் என்று நினைத்தேன்.

"கையில எடுத்தப்பவே தெரியும்" என்றான். "எங்க வீட்டு அரக்குச் சாயத்தோட வாசனை எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எடுத்தேன். இவ கை பட்ட குச்சி மாதிரி ஒரு குச்சி இதுவரைக்கும் எனக்கு அமைஞ்சதில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னைக்கு வில்லைக் கீழ போட்டது நான். தப்பினது என் கை. இவ காலு ஒண்ணும் பண்ணலை."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இந்தச் சொல்லைச் சொல்ல மூன்று வருஷமாடா உனக்கு?

கெம்போ விடவில்லை. நீ தொட்டது நல்லதென்றால் முதல் அம்பு ஏன் வயலுக்குப் போயிற்று என்று என்னிடம் கேட்டார்.

"அது நான் தொடாதது" என்றேன்.

யாங்சோமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெம்போ பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். பெண் தொட்டால் ராசி போகும் என்றால் அந்த அடி பட்டிருக்கவே கூடாது. பட்டது பட்டதுதான் என்றால் மூன்று வருஷமாகப் பேசிய பேச்சை விழுங்க வேண்டும். வெற்றி விருந்துக்கு இறைச்சி வேறு வெந்துகொண்டிருந்தது, வாசனை மைதானம் வரை வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அடி அடிதான்" என்று சொல்லி, லென்டுப்பின் இடுப்பில் துணியைக் கட்டினார்.

பெண்கள் ஆட்டத்துக்கு வரிசை கூடினார்கள். கெம்போவின் மனைவி தானாகவே இரண்டாவது இடத்துக்கு நகர்ந்துகொண்டார். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். நான் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு நடந்தேன். வழியில், புல்லின் மேல், லென்டுப் தன் வில்லைக் குறுக்கே படுக்க வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுற்றிப் போக நிறைய இடம் இருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் சுற்றித்தான் போனார்கள். நான் கெம்போவைப் பார்த்தேன். பாவாடை விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வில்லைத் தாண்டினேன்.

"அடுத்த வருஷத்துக்கும் சேத்து இன்னொரு தடவை தாண்டிரு" என்றான் லென்டுப்.

திரும்பி வந்து தாண்டினேன். பிறகு போய் வரிசையின் முதலிடத்தில் நின்று, எதிரே நின்ற என் நாத்தனாரை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று வருஷமாக வாயில் சேர்த்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.